யார் அழைக்கிறார்கள்?
தென்சென்னைப் புறநகரில் சிறு நாடகக் குழு தொடங்குவது குறித்து

கேள்வி

தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் கல்குவாரிகளும் நிறைந்த ஊராகவே பம்மலைப் பலருக்கும் தெரியும். 2021 நவம்பரில் அது தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஒருவர் 1891 ஜூலை 1 அன்று நண்பர்களோடு கூடி ஒரு நாடகச் சபையைத் தொடங்கினார். தொடங்கியவர்கள் ஏழு பேர். பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது வயது பதினெட்டு. சபையின் பெயர் சுகுண விலாச சபா. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஒரு சங்கத்தைப் பதிவு செய்வதற்குக் கேட்பதும் ஏழு பேரைத்தான். ஏழு பேரும் ஒரு பெயரும் அமைந்துவிட்டால் குழு பிறந்துவிடும். அன்றும் இன்றும் இதில் மாற்றமில்லை.

அதற்குப் பின் அந்தக் குழு என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர் வட்டாரத்தில் சமூக நோக்கத்தோடு ஒரு சிறு நாடகக் குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் எதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்? பணம், நடிகர், இடம், நல்ல பிரதி என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் பல. சென்னையிலும் அதன் தெற்கிலும் கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இயங்கிய சில குழுக்களை அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த விடைகளில் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பது ஓரளவு தெளிவாகும்.

இதுவரை சொல்லப்பட்டவை

நவீன நாடகம் பற்றிய தமிழ்ப் பேச்சில் குழுக்கள் நலிவதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பணமில்லை என்பது முதலாவது. சினிமாவும் தொலைக்காட்சியும் நடிகர்களை இழுத்துக்கொள்கின்றன என்பது அடுத்தது. ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டப்பட்ட குழு அவர் தளரும்போது தானும் தளர்கிறது என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் எதிர்ச் சான்று கூத்துப்பட்டறையிலேயே இருக்கிறது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்தக் குழுவுக்கு ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்த ஆண்டுகளில் நடிகர்கள் மாத ஊதியம் பெற்று முழுநேரமாகப் பயிற்சி செய்ய முடிந்தது. தமிழ்ச் சிறு குழுக்களில் இது அபூர்வம். நல்கை நின்றபோது சிரமம் வந்தது, குழு அழியவில்லை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கிருந்து திரைக்குப் போனவர்கள் பலர். அந்தப் போக்குவரத்தே பட்டறைக்குப் புதிய இளைஞர்களையும் கொண்டுவந்து சேர்த்தது. முத்துசாமி 2018 அக்டோபரில் மறைந்தார். பட்டறையின் பெயர் அவரோடு மறைந்துவிடவில்லை. ஆக, இந்த மூன்று காரணங்களும் ஒரு குழு படும் பாட்டை விளக்குகின்றன. அது எதனால் நிற்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

நான்காவதாக ஒரு விடை அண்மைக் காலத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. இடம்தான் எல்லாம், சொந்தமாக ஓர் அரங்கு இருந்தால் போதும் என்பது அது. இதைச் சற்று நின்று ஆராய வேண்டும். தாம்பரத்துக் குழு ஒன்றின் முதல் ஆதங்கமும் இதுவாகவே இருக்கும்.

கட்டடம் நின்றது, நாடகம் போயிற்று

சுகுண விலாச சபாவுக்கும் ஒரு சமூக நோக்கம் இருந்தது. இன்றைய பொருளில் அதைச் சீர்திருத்த நாடகம் என்று சொல்ல முடியாது. படித்தவர்கள் மேடையேறி நடிப்பது இழிவு என்ற எண்ணத்தை உடைப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் சரச வினோதினி சபா சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்களைப் பார்த்தது சம்பந்த முதலியாரின் மனத்தை மாற்றியது. அதுவரை தமிழ் நாடகத்தின் மீது தனக்கு இருந்த வெறுப்பை 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார். வழக்கறிஞராக இருந்து பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியான அவர், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். எஸ். சத்தியமூர்த்தி, சி. பி. ராமசுவாமி ஐயர் போன்றவர்கள் அந்த மேடையில் நடித்தார்கள். நோக்கம் நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும்.

விக்டோரியா பப்ளிக் ஹாலில் பல பத்தாண்டுகள் இயங்கிய சபா 1930களில் மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போனது. அந்த இடம் இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. சபாவின் பெயரும் இருக்கிறது. உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கும் மனமகிழ் மன்றமாக அது மாறி நெடுநாளாயிற்று.

நாடகத்துக்காகக் கூடியவர்களில் தமிழகத்திலேயே மிக வசதியான இடத்தை அடைந்தவர்கள் இவர்கள். இடம் கிடைத்ததால் நாடகம் பிழைத்திருக்க வேண்டும் என்றால் இங்கேதான் பிழைத்திருக்க வேண்டும். படித்தவன் நடிக்கலாம் என்பது ஊரறிந்த உண்மையான பிறகு, அந்தச் சபா நாடகம் போட்டே ஆக வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அது நின்றுபோனதற்கு மிகப் பொருத்தமான விளக்கம் இதுவே என்று தோன்றுகிறது.

ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பட்டறை

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி. 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்காத நாளிலும் கூரை நிற்க வேண்டும் என்ற கணக்கு அது. அறுபது ஆண்டுகளாக அந்தக் கணக்கு பலித்து வருகிறது.

அதே சோழமண்டலத்தில் 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் தமிழ் நாடகக்காரர்களுக்கு ஒரு பட்டறை நடத்தினார். 'வீதி' குழு அதற்கு முன்னின்றது. தமிழ் வீதி நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பட்டறையைத் தாண்டிப் போவதில்லை. சர்க்கார் தொழிலால் நகரமைப்பாளர். நகரங்களில் கட்டடங்கள் எங்கே எழ வேண்டும் என்று திட்டமிடத் தெரிந்தவர், நாடகத்துக்குக் கட்டடமே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். மேடையும் திரையும் விளக்கும் விலையேறிய நுழைவுச்சீட்டும் இல்லாமல், நடிகரின் உடலும் பார்வையாளரின் அருகாமையும் போதும் என்பது அவருடைய மூன்றாம் அரங்கின் சாரம்.

ஓவியர்கள் நிலத்தை வாங்கிக் காலூன்றிய அதே மணலில், நிலமே வேண்டாம் என்ற பாடத்தை நாடகக்காரர்கள் கற்றார்கள். இரண்டும் அவரவர் கலைக்குச் சரியான முடிவே. ஓவியத்தைத் தனியாக வரைந்து சுவரில் மாட்டி வைத்துப் பார்ப்பவருக்காகக் காத்திருக்கலாம். வீதி நாடகத்துக்கு அந்த வசதி கிடையாது. பார்ப்பவர் இல்லாத தெருவில் அது நடப்பதே இல்லை. கட்டடத்தைக் கைவிட்டவர்கள் அதைவிடக் கடினமான ஒன்றின் மேல் சாய வேண்டியிருந்தது: தங்களைக் கூப்பிட்டு நிறுத்தி ஆடச் சொல்லும் மக்கள்.

அழைப்பு

பிரளயன் நெறியாள்கையில் 1984 முதல் இயங்கும் சென்னைக் கலைக் குழு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிய 'முற்றுப்புள்ளி' தொடங்கிப் பழந்தமிழ்ப் பின்னணியில் அமைந்த 'பாரி படுகளம்' வரை அந்தக் குழுவின் வேலை பல தளங்களில் விரிந்தது. அதன் வீதி நாடகங்களுக்குத் தொழிற்சங்கங்கள், மாதர் அமைப்புகள், மாணவர் அமைப்புகள், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கம் என்று ஓர் அழைப்பு வட்டம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் தமிழகத்தின் கிராமங்களுக்கு நாடகத்தைக் கொண்டுபோயின. எழுத்தறிவு பெற வந்தவர்களே அங்கே பார்வையாளர்கள், சில இடங்களில் நடிகர்களும் அவர்களே. 'அன்பே சிவம்' (2003) படத்தில் வரும் வீதி நாடகக் காட்சியில் பொது ரசிகர்கள் கண்டதும் இந்த மரபின் ஒரு கீற்றுதான்.

அழைக்கிறவர் இருப்பது குழுவுக்கு மூன்று வகையில் உதவுகிறது. நாள் குறிக்கப்படுவதால் ஒத்திகை தள்ளிப்போவதில்லை. ஆடும் இடத்தையும் கூட்டத்தையும் அழைத்தவர் ஏற்பாடு செய்கிறார். நாடகம் முடிந்தபின் நடக்கும் பேச்சில் தவறு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். மூன்றாவதை நாடகக்காரர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு பிரதியைத் திருத்தும் மிகச் சிறந்த கருவி அது. 1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிர்விட்ட சப்தர் ஹாஷ்மியின் வீதி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்சும் இப்படித்தான் வளர்ந்தது. அவர் இறந்த சில நாள்களிலேயே அதே இடத்துக்குக் குழு திரும்பிப்போய் நாடகத்தை முடித்துக்கொடுத்தது. அந்தத் தெருவுக்கும் குழுவுக்கும் இருந்த உறவு அதற்குப் பின்னால் இருந்தது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. 1978இல் ஞாநி தொடங்கிய பரீக்‌ஷா எந்த அமைப்பின் அழைப்பையும் நம்பி இயங்கவில்லை. செங்கல்பட்டில் பிறந்து பத்திரிகையாளராக வாழ்ந்த ஞாநி 2018 ஜனவரியில் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தக் குழுவை விடாமல் வைத்திருந்தார். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களே நடிகர்கள், வருமானம் கிடையாது. ஆனால் அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்களே அவருடைய நாடகங்களுக்கும் வந்தார்கள். கே. கே. நகர் வீட்டின் கிணற்றடியில் அவர் நடத்திய 'கேணி' கூட்டங்களுக்கும் அதே வாசகர்கள் வந்தார்கள். எழுத்தின் வழியாக அவர் தன் அழைப்பாளர்களைத் தானே உண்டாக்கிக்கொண்டார். எல்லாக் குழுவுக்கும் ஒரு ஞாநி கிடைப்பதில்லை. பரீக்‌ஷாவை விதிவிலக்காகக் கொள்வதே நேர்மை.

திட்டத்தின் நிழல்

எல்லா அழைப்பும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே கண்ட வாதம் பாதி உண்மையோடு நின்றுவிடும்.

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு நாட்டிலேயே முதன்மையான சிகிச்சை மையங்களில் ஒன்றாக மாறியது. அதே பத்தாண்டில் விழிப்புணர்வு நாடகம் என்ற ஒன்று தமிழகம் முழுவதும் பரவியது. அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் கூத்துக் கலைஞர்களையும் வீதி நாடகக் குழுக்களையும் அமர்த்தின. பலருக்குப் பிழைப்பு கிடைத்தது. நாட்டுப்புறக் கலைஞர்களின் வீட்டில் அடுப்பெரிந்தது சிறிய விஷயமில்லை. ஆனால் அந்த நாடகங்களில் பெரும்பாலானவற்றில் கதைமாந்தர் ஒருவர் தவறு செய்வார், இன்னொருவர் அறிவுரை சொல்வார், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முழக்கம் சொல்வார்கள். பார்வையாளருக்குக் கேள்வி கேட்க இடமில்லை. திட்டம் முடிந்தால் குழுவும் முடிந்தது. அழைத்தவர் அந்தத் தெருவில் இல்லை, வேறு எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தார் என்பதே இதன் குறை.

திட்டத்துக்குள் இருந்துகொண்டே அதை மீறியதற்கும் தென்சென்னையில் சான்று இருக்கிறது. தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் 1990களில் அ. மங்கை உருவாக்கிய 'மௌனக்குரல்' பெண்ணிய அரங்கு, பெண் சிசுக்கொலையைப் பற்றிய 'பச்ச மண்ணு' நாடகத்தோடு அந்தக் கொடுமை நிலவிய பகுதிகளுக்கே போனது. குற்றவாளியைக் காட்டிக் கைதட்டு வாங்குவதை விட்டு, தாய்மார்களையே பேசவைத்தது. பின்னர் கவிஞர் இன்குலாப் எழுதிய 'ஔவை'யை மங்கை மேடையேற்றினார். கோலூன்றிய கிழவியாகப் பாடநூல்கள் பதியவைத்த ஔவையை, பாணர் மரபில் வந்த இளம் விறலியாக அந்த நாடகம் மீட்டது. இன்குலாப் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்தது தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில். இந்தப் புறநகருக்கு நாடக மரபு இல்லை என்று யாராவது சொன்னால் பம்மலையும் ஊரப்பாக்கத்தையும் சுட்டிக்காட்டலாம். நிறுவன ஆதரவு முடிந்த பின்னும் மங்கையின் வேலை 'மரப்பாச்சி' குழுவாகத் தொடர்ந்தது. திருநங்கையரோடு அவர் செய்த 'கண்ணாடிக் கலைக்குழு' நாடகங்களில் அழைத்தவர்களும் ஆடியவர்களும் ஒரே சமூகத்தவர்.

அனுமதி

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்ட 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பரீக்‌ஷா விட்டுச்சென்ற சொத்து இது. பொது இடத்தில் கூட்டம் கூட்டவும் ஒலிபெருக்கி வைக்கவும் காவல்துறையின் இசைவு இன்றும் வேண்டும். 2022 முதல் தாம்பரத்துக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் இருக்கிறது. நுழைவுச்சீட்டு ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் நாடகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. புறநகர்க் குழு ஒன்று அந்தத் தொகையை நெருங்கப்போவதில்லை.

தாம்பரத்தில்

1931இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளமே இந்தப் புறநகரின் நாடக ரசனையையும் வடக்கு நோக்கி இழுத்துச் சென்றது. நல்ல நாடகம் பார்க்க எழும்பூருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ போக வேண்டும். கடைசிக் காட்சி முடியும் முன்பே கடைசி ரயிலை நினைத்து எழுந்திருக்க வேண்டும். 1937இல் கிழக்குத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற வளாகங்களில் நாடகம் உண்டு. ஆனால் மாணவர் குழு மூன்று ஆண்டில் கலைந்துவிடும்.

அழைக்கக்கூடியவர்களோ இங்கே நிறைய. சென்னைக் கலைக் குழு பிறந்த 1984ஆம் ஆண்டில்தான் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் தொடங்கியது. அங்கே பணிமுறை முடிந்து பேருந்துக்கு நிற்கும் பெண்கள் தங்களைப் பற்றிய ஒரு நாடகத்தை எந்த மேடையிலும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறிப் படகுக்காகக் காத்திருந்தவர்கள், வெள்ளத்தைப் பற்றிய எந்த நாடகத்தையும் நடிகர்களைவிட நன்றாகத் திருத்துவார்கள். சிட்லபாக்கத்தில் ஏரியைக் காக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி எடுத்தவர்கள் உண்டு. நகரத்தின் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்கின்றன. அவர்களிடம் கானாவும் பறையும் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியிலிருந்து போகும் குழு அங்கே கற்றுக்கொடுக்கப் போகக் கூடாது. கேட்கப் போக வேண்டும்.

எனவே வரிசை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிவு. முதலில் பெயரும் பதிவும், பிறகு பிரதி, பிறகு அரங்கு, கடைசியில் பார்வையாளர் என்று போகும் குழு முதல் இரண்டு நாடகங்களில் மூச்சு வாங்கிவிடும். ஒரு தெருவோடும் ஒரு சங்கத்தோடும் ஒரு பள்ளியோடும் பழகி, அவர்கள் இரண்டாம் முறை கூப்பிடும்படி நாற்பது நிமிட நாடகம் ஒன்றைச் செய்த பிறகு பதிவுக்குப் போகலாம். முதல் அழைப்பில் தாட்சண்யம் இருக்கும். இரண்டாம் அழைப்பு வந்தால்தான் நாடகம் தேவைப்பட்டது என்று பொருள்.

ஒத்திகைக்கு மட்டும் ஓர் அறை கட்டாயம் வேண்டும். ஆடுவதற்குத் தெரு போதும்; தவறு செய்து பழகத் தெரு உதவாது. தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். திருமணமும் காதணி விழாவும் நடக்கும் சமுதாயக் கூடங்கள் வாரநாள் மாலைகளில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது, பம்மலில் இருப்பதாகவே இருக்கட்டும், வாரம் மூன்று மாலைகள் நாடகக் குழுக்களுக்கு வாடகையின்றித் திறந்துவிட மாநகராட்சி முன்வர வேண்டும். கேட்டு மனு கொடுக்க ஏழு பேர் போதும்.